ஆறு கடக்காத மாதத்தில் செரங்கெட்டி

செரங்கெட்டியில் நாங்கள் கண்ட முதல் மிருகம் ஒரு டிராக்டர். மஞ்சள் நிறம். முன்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து, மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. அதை இழுக்க வந்த லொறி அதற்குப் பின்னால் புதைந்திருந்தது. லொறிக்குப் பின்னால் நாங்கள். ஜீப்பின் கூரையைத் திறந்து, எழுந்து நின்று மிருகம் பார்க்கலாம் என்று படத்தில் காட்டியிருந்தார்கள். கூரை பூட்டிக் கிடந்தது. பூட்டிய இடுக்கால் மழைத்தண்ணீர் என் மடியில் சொட்டியது.

"நல்ல களி," என்றார் அத்தான், கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்து. "கறுப்புக் களி. அசல் நம்மட வயல் வட்டைக் களிதான்."

புதிதாக வாங்கிய பைனாகுலர் உறைகூடப் பிரிக்காமல் அக்காவின் கையில் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பத்துக் கஜ தூரத்துக்குமேல் எதுவும் தெரியவில்லை.

அந்தப் பத்துக் கஜத்துக்காகத்தான் மூன்று பேர் மட்டக்களப்பிலிருந்து இந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆபிரிக்காவுக்கு வந்திருந்தோம்.

அக்கா பல வருடமாகக் கேட்டது ஒன்றே ஒன்று. தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுவார்கள்: மாட்டுத் தலையும் குதிரை வாலும் ஆட்டுத் தாடியுமாக ஒரு மான் வகை, ஆயிரக்கணக்கில் வந்து ஒரு ஆற்றங்கரையில் நிற்கும். ஆற்றில் முதலை இருக்கும். பிறகு எல்லாம் ஒரேயடியாக விழுந்து கடக்கும். வைல்டபீஸ்ட் என்று அதற்குப் பெயர். அக்கா வைத்த பெயர் தாடிமாடு. எத்தனை தரம் காட்டினாலும் அடுப்பை நூர்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

"கடக்கிறத வடிவாக் காட்டுறாங்க," என்பாள். "ஆனா முதலாவதா எது இறங்குது எண்டு காட்டுறானுகள் இல்ல கா. எல்லாம் நிக்குது, நிக்குது, மறுகா பாத்தா எல்லாம் தண்ணிக்குள்ள. அந்த முதலாவத நான் கண்ணால பாக்கணும்."

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண் கேட்ட ஒரே பயணம் இது. அதை எந்த மாதத்தில் வைப்பது என்று முடிவுசெய்தவர் அத்தான்.

அத்தான், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஒரு வட்டையின் வட்டவிதானை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. அதன் தண்ணீருக்கும் வேலிக்கும் வழக்குக்கும் பொறுப்பானவர் வட்டவிதானை. கடந்த மாசியில் அவர் வீட்டு மேசையில் இருந்து மாதங்களை விரல்விட்டு எண்ணினார்.

"தை, மாசி நெல் வெட்டு. பங்குனி நெல்லக் காயப்போட்டுக் குடுக்கணும். வைகாசி விதைப்பு, அம்மன் குளிர்த்தித் திருவிழா. ஆனி, ஆடி தண்ணி முறை. நான் இல்லாட்டி மம்பெட்டியால அடிபடுவானுகள். ஆவணி வெட்டு. புரட்டாசி வாய்க்கால் துப்பரவு. ஐப்பசி விதைப்பு. கார்த்திகை, மார்கழி வெள்ளம்." பத்து விரலும் முடிந்து இரண்டாம் சுற்று வந்திருந்தது. "சித்திரை ஒண்டுதான் மனிசனுக்கு எண்டு இரிக்கு."

அவ்வளவுதான் திட்டமிடல். வருடப் பிறப்பு முடிந்த மூன்றாம் நாள் புறப்படுவதென்று ஆயிற்று.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். கொழும்பில் ஒரு தினசரியின் செய்தி மேசையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, மட்டக்களப்பில் எங்கள் ஊரான நாவற்குடாவுக்குத் திரும்பியவள் நான். ஒரு பாலம் உடைந்தது என்று செய்தி வந்தால் மூன்று பேரிடம் கேட்காமல் அச்சுக்கு விட்டதில்லை. இந்தப் பயணத்துக்கு மலேரியாக் குளிசை, விசா, கடவுச்சீட்டின் காலாவதி, அக்காவின் பிரஷர் மருந்து எல்லாவற்றையும் இரண்டுதரம் சரிபார்த்தேன். அங்கே மழை எப்போது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி முதல் தை வரை. சித்திரையில் வந்தால் பின்னேரத்தில் ஒரு இடிமழை, அதோடு சரி. சித்திரையில் பயணம் போகிறவரிடம் மழையைப் பற்றிப் பேசினால் மட்டக்களப்பில் சிரிப்பார்கள். உலகம் முழுவதும் எங்கள் வாவிக்கரையில்தான் இருக்கிறது என்று நாங்கள் மூவரும் மனதார நம்பினோம். அத்தான் தொப்பி எடுத்தார். அக்கா கறுப்புக் கண்ணாடி எடுத்தாள். குடை ஒருவரும் எடுக்கவில்லை.

எங்களை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் அப்படி நம்பியிருக்கமாட்டார். அவர் தந்த பயணத் திட்டத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், 'பசுமைப் பருவம்' என்று அச்சடித்திருந்தது. 'விலைத் திருத்தம்' என்று வந்ததை 'விலை உயர்வு' என்று திருத்தியே தலை நரைத்தவள் நான். அந்த இரண்டு சொல்லை வாசித்துவிட்டு, நல்லது, பச்சையாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் நாள் அருஷா என்ற ஊரில் இறங்கியபோதே மழை பெய்தது. ஒரு நாள் மழை என்று எடுத்துக்கொண்டோம். எங்களைக் கூட்டிப்போக வந்தவர் எலியா. சாரதியும் வழிகாட்டியும் அவரே. நாற்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து போட்டிருந்தார். அந்தச் சப்பாத்தைக் கண்ட இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் வெள்ளைச் சோளமாவைக் கிண்டிக் கட்டியாக்கிய உகாலியும், கீரையும், முழுதாகப் பொரித்த மீனும் வந்தன. கையால் உருட்டிக் கீரையில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். எங்களுக்கு முள்ளுக்கரண்டி தந்தார்கள். அத்தான் அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் உருட்டத் தொடங்கியதும் பரிமாறியவர் உள்ளே போய்ச் சமையற்காரப் பெண்ணைக் கூட்டிவந்து காட்டினார்.

"இது எங்கட திலாப்பியா," என்றார் அத்தான் மீனைத் திருப்பிப் பார்த்து. "குளத்து மீன். இஞ்ச எப்பிடி வந்த?"

நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். எலியா சிரித்தார். "அது எங்கள் மீன். எங்கள் ஏரியிலிருந்துதான் உங்கள் நாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்."

அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "எங்கட குளத்துல இதவிடப் பெரிசு," என்று முடித்துவிட்டு இரண்டாவது மீனை எடுத்தார்.

அடுத்த நாள்தான் டிராக்டரைக் கண்டோம். ஒரு மணித்தியாலம் கழித்து எலியா டிராக்டரைச் சுற்றிப்போக முயன்றார். எங்கள் ஜீப்பும் அச்சுவரை இறங்கியது. அவர் இறங்கினார். நாங்கள் இறங்கக்கூடாது, பூங்காவின் சட்டம் என்றார். அத்தான் அதை நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்னரே காற்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்துக்கொண்டு சேற்றில் நின்றார்.

"காத்த இறக்கச் சொல்லுங்க தங்கச்சி. டயர்ல பாதிக் காத்து போதும். மறுகா கொப்பு முறிச்சுக் கீழ போடணும். புல்லுப் போட்டா வழுக்கும்."

"சிங்கம் இருக்கும் இடம் இது என்று சொல்லுங்கள்," என்றார் எலியா என்னிடம்.

"சிங்கம் இந்த மழைக்குள்ள வாறண்டா அதுக்கு என்ன விசரா?"

அரை மணித்தியாலத்தில் ஜீப் வெளியே வந்தது. பிறகு லொறி. பிறகு, அத்தானின் மேற்பார்வையில், டிராக்டரும். நான்கு தன்சானியர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். தலைமுதல் கால்வரை கறுப்புக் களியோடு ஜீப்பில் ஏறியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் அவருடைய மகளின் கல்யாணத்தில்தான் கண்டிருந்தேன்.

முப்பத்திநாலு வருடமாக அக்கா ஒரு வயல் கரையில் இருந்து இந்த மனிதன் களியோடு வருவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு தரம், ஒரே ஒரு தரம், வேறு எதையாவது பார்க்க வந்தாள். இங்கேயும் அதையே பார்த்தாள்.

"துவாய் பைக்குள்ள இரிக்கு," என்றாள் அக்கா. "துடைங்க. சளி புடிக்கும்."

மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. நனைந்த புல் ஜீப்பின் உயரத்துக்கு நின்றது. புதருக்குக் கீழே ஒரு சிங்கம் படுத்திருந்தது. ஈரத்தில் பிடரி ஒட்டிப்போய், மீன்சந்தையில் நிற்கும் கட்டாக்காலி நாய்போல எங்களைப் பார்த்தது. பிறகு ஒரு வளைவில் திடீரென்று யானை. தனி ஆண்யானை, பெரிய கொம்பு, பாதையின் நடுவில்.

எலியா இயந்திரத்தை நிறுத்தி, விரலை வாயில் வைத்தார். அந்த அமைதியில் அத்தான் ஜீப்பின் கதவைக் கையால் ஓங்கி அடித்து, "ஓய்! ஓய்ய்! போ அங்கால!" என்று கத்தினார். வேலிக்கு யானை வந்தால் படுவான்கரையில் யாரும் செய்வதுதான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். யானை விரட்டும் வெடி கையில் இல்லாததால் கதவு.

எலியா சட்டென்று சாவியைப் பிடித்தார். யானை காதை விரித்தது. எங்களை நீண்ட நேரம் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் புல்லுக்குள் போயிற்று.

"பாத்தீங்களா," என்றார் அத்தான் வியர்த்துக்கொண்டு. "நம்மட பாசை விளங்குது அதுக்கு."

"எங்க போனாலும் உங்களுக்கு இந்த ஒரு பாசைதானே," என்றாள் அக்கா. சிரித்தாள். பயணத்தில் அவள் முதல்முறை சிரித்தது அப்போதுதான். வீட்டு வேலிக்குப் பின்னால் வருடத்தில் ஆறு மாதம் காணும் ஒரு மிருகத்தால் வந்த சிரிப்பு.

அன்று மத்தியானம் நாங்கள் தாடிமாட்டைக் கண்டோம். ஒரு மேட்டில் ஏறியதும் கீழே வெளி முழுவதும் கறுப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கில் நின்றன. மழை மறுபடி தொடங்கியிருந்தது. எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு நின்றன. அக்கா பைனாகுலரின் உறையைப் பிரித்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு என்னைத் தொட்டு, "ஆறு எங்க எண்டு கேள் புள்ள," என்றாள்.

கேட்டேன். எலியா திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஆறு வடக்கே, வெகுதூரம். இவை அங்கே போய்ச் சேர இன்னும் மாதங்கள் ஆகும். கடப்பது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். இது பெருமழைக் காலம். இப்போது எதுவும் ஆற்றைக் கடக்காது." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்களை அனுப்பியவர் சொல்லவில்லையா?"

நான் மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். மாதங்களின் பெயர்கள் விளங்க அதுகூடத் தேவையில்லை. அவள் பைனாகுலரைத் திரும்ப உறைக்குள் போட்டு, உறையின் பொத்தானை இரண்டுதரம் அழுத்திப் பூட்டினாள்.

"பசிக்குது," என்றாள். "சாப்பாட்டுப் பெட்டிய எடுங்க."

ஜீப்புக்குள் இருந்தே குளிர்ந்த கோழியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். எலியா பேச்சைத் தொடங்கினார். இந்த இரண்டு மாதமும் வழிகாட்டிகள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார். சோளம் நடும் காலம். அவரும் போயிருந்தாராம். பாதிக் காணி நட்டிருக்கும்போது, மூன்று பேர் வருகிறார்கள் என்று தொலைபேசி வந்ததாம். சொன்ன விதத்தில் குறை இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. தவறான மாதத்தில் வந்த நாங்கள், சரியான மாதத்தில் இருந்த ஒரு மனிதனையும் அவன் வயலிலிருந்து கிளப்பியிருக்கிறோம்.

எலியா சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அத்தான் முட்டையைக் கீழே வைத்தார். "அப்ப மற்றப் பாதி?"

"மனைவி நடுகிறாள்," என்றார் எலியா.

"தனியவா?"

"தனியத்தான்."

"பாவம்," என்றார் அத்தான், உண்மையான வருத்தத்தோடு. "விதைப்புக் காலத்தில ஒரு பொம்புள தனிய..."

"அந்தப் பிள்ளைக்கு மட்டும் பாவம் பாருங்க," என்றாள் அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

புறப்படுமுன் எலியா சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கிழித்து, பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எந்த மாதம் மந்தை எங்கே நிற்கும், எங்கே மழை, கடற்கரைக்கு எது நல்லது என்று குறித்துக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. ஒரு ஏஜென்சி முழுவதும் சேர்ந்து செய்யாத வேலை. அக்கா அதை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஐந்தாம் நாள் சான்சிபார் தீவு. மிருகம் பார்த்து முடித்தபின் வெள்ளை மணலில் ஓய்வு என்று திட்டத்தில் இருந்தது. ஹோட்டலில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. நீச்சல் தடாகத்தில் தண்ணீர் இல்லை, தவளை இருந்தது. சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகள் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தன.

"இந்தக் காலத்தில் மிகவும் அமைதியாக இருக்கும்," என்றார் முகாமையாளர் புன்னகையோடு.

"சவக்காலையும் அமைதியாகத்தான் இருக்கும்," என்றேன் ஆங்கிலத்தில். அவர் புன்னகை மாறவில்லை.

சமையற்காரர் விடுமுறையில் போய்விட்டதால் தெருவோரத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டோம். எட்டுக் காலுள்ள சாக்குக் கணவாயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சோற்றோடு தந்தார்கள். வாயில் வைத்ததும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லடியில் யாரோ ஒருவர் வீட்டில் சமைத்ததுபோல இருந்தது. அந்தத் தீவு எங்களுக்குத் தந்த நல்ல விஷயம் அது. அதற்குக் காலநிலை தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கடலைக் காணவில்லை. வற்றும் நேரத்தில் கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கும் கரை அது. மழைத்தூறலில், முழங்கால் தண்ணீரில், தூரத்தில் சில பெண்கள் குனிந்து நின்றார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் போனேன். வாவியில் இறால் தடவும் பெண்களைப்போல இருந்தார்கள். ஆனால் இவர்கள் கட்டை நட்டு, கயிறு கட்டி, அதில் கடற்பாசி வளர்க்கிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. மழைத்தண்ணீர் கூடினால் பாசி வெளுத்துச் செத்துவிடும், தப்பியதைப் பார்க்க வந்தோம் என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் ஏன் இந்த மாதத்தில் வந்தீர்கள்?"

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க," என்றாள் அக்கா என்னிடம். பிறகு, "இந்தக் கயிறெல்லாம் ஆர்ட எண்டு கேள்."

"என்னுடையது," என்றாள் அந்தப் பெண்.

"எப்ப கட்டுற, எப்ப அறுக்கிற எண்டு ஆர் சொல்லுற?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் வேறுவிதமாகக் கேட்டேன். அவள் தன் நெஞ்சில் விரல் வைத்தாள். "நான்தான். வேறு யார்?"

அக்கா குனிந்து அந்தக் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள் நான் ஏஜென்சிக்குப் போனேன். குளிரூட்டிய சிறிய அறை, கழுத்துப்பட்டி கட்டியவர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

"மிஸ், நீங்கதானே சித்திரை எண்டு கேட்டீங்க," என்றார். "கேட்டத நாங்க செஞ்சு தந்திரிக்கம்."

"ஆறு கடக்கிறதப் பாக்கத்தான் போறம் எண்டு முதல் நாளே சொன்னன்."

"மிருகத்துக்கு நாங்க டேட் குடுக்க ஏலுமா மிஸ்?"

அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் பாசிக்குடாக் கடற்கரையின் படம் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிய விளம்பரம். சித்திரை முதல் புரட்டாசி வரை கடல் குளம்போல் இருக்கும், கார்த்திகை, மார்கழியில் வரவேண்டாம், மழையும் கொந்தளிப்பும் என்று பெரிய எழுத்தில் அதில் இருந்தது. நான் எழுந்து போய் அந்த வரியில் விரலை வைத்தேன்.

"மட்டக்களப்புக்கு வாற வெள்ளைக்காரனுக்கு எங்கட மழை எப்ப எண்டு இவ்வளவு பெரிசாச் சொல்லுறீங்க. மட்டக்களப்பில இருந்து போறவளுக்கு அங்கத்த மழை எப்ப எண்டு ஏன் சொல்லயில்ல?"

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவங்க கேப்பாங்க மிஸ். நம்மட ஆக்கள் கேக்குறயில்லயே."

இதைவிடக் கேவலமான பதிலை நான் எந்த அமைச்சரிடமும் கேட்டதில்லை. இதில் உண்மை இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. கேட்காதவருக்குச் சொல்லவேண்டாம் என்பது ஒரு தொழிலா? கேட்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் காலநிலையா? கேட்கத் தெரிந்தவள் என்று சம்பளம் வாங்கிய நான் ஏன் கேட்கவில்லை? கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை.

அந்தக் கிழமை படுவான்கரையில் அக்கா எலியாவின் அட்டையை மேசையில் விரித்தாள்.

"அடுத்த வருசம் பாப்பம்," என்றார் அத்தான்.

"இந்த வருசம். புரட்டாசி. செப்டம்பர்லயும் ஆறு கடக்குதாம்."

"புரட்டாசியில வாய்க்கால் துப்பரவு. வட்டவிதானை இல்லாம வாய்க்கால்ல ஆரு இறங்குவான்?"

"துப்பரவ ஆவணிக் கடைசியில வைங்க."

"அது நம்மட வழமை இல்ல. ஆவணி வெட்டு. சனம் எல்லாம் வெட்டில நிக்கும்."

"எந்தச் சனம்?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "கையால வெட்டி, மாடு விட்டுச் சூடு மிதிச்ச காலத்தில நிண்டது. இப்ப மெசின் வருது, நாலு நாளில வட்டை முழுக்க வெட்டிற்றுப் போகுது. மறுகா ஒரு மாதம் வாய்க்கால் காஞ்சு கிடக்கு. நீங்கெல்லாம் சந்தியில தேத்தண்ணி குடிக்கிறீங்க."

அத்தான் எழும்பி மாடு கட்டப் போனார்.

சிறுபோகக் கூட்டம் இந்தமுறை குளத்துக் கதவுத் திருத்த வேலையால் பிந்தி, நாங்கள் வந்தபிறகுதான் நடந்தது. போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் சேர்ந்து, தண்ணீர் திறக்கும் நாள், மாடு அகற்றும் நாள், விதைப்பு முடியும் நாள் என்று எல்லாவற்றையும் கைதூக்கித் தீர்மானிக்கும் கூட்டம். சங்கக் கட்டடத்தில் எழுபது பேர் இருந்திருப்பார்கள். எல்லாம் ஆண்கள். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மேசைக்குப் பக்கத்தில் இருந்த அத்தான் எங்களைக் கண்டதும் தொண்டையைச் செருமினார்.

வேறு விஷயம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டபோது அக்கா எழும்பினாள். வாய்க்கால் துப்பரவை ஆவணிக் கடைசிக்கு மாற்றவேண்டும் என்றாள். மெசினைப் பற்றியும் காய்ந்து கிடக்கும் ஒரு மாதத்தைப் பற்றியும் சொன்னாள். ஆபிரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஊருக்கே தெரியும்.

"வட்டவிதானையாரக் கடத்தப் போறா மலரக்கா!" என்று பின்னால் ஒருவர் கத்தினார். "சிங்கத்துக்குக் குடுக்கவோ?"

"சிங்கம் தின்னாது. களி மணக்கும்," என்றார் இன்னொருவர். கட்டடம் அதிர்ந்தது.

சங்கச் செயலாளர் கையமர்த்தினார். "அக்கா, அண்ணன் இஞ்ச இரிக்கார்தானே. அவர் சொல்லட்டும். கூட்டம் காணிக்காரருக்கு."

"காணி ஆர்ட பேர்ல இரிக்கு எண்டு வாசியுங்க," என்றாள் அக்கா.

அதிகாரி வெளியூர்க்காரர். காணிக்காரர் பெயர் இடாப்பைத் திறந்து, சொன்னபடியே சத்தமாக வாசித்தார். சிவமலர், என் அக்கா. அடுத்தது பாக்கியவதி. அடுத்தது தங்கம்மா, யோகேஸ்வரி, இன்பவல்லி. இந்தப் பக்கத்தில் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக யாரும் அதை வாசித்துக் கேட்டதில்லை. பத்துப் பெயருக்கு ஒரு ஆண் பெயர் வந்தது. கதிரைகளில் இருந்தவர்கள் தங்கள் மனைவிமாரின் பெயர்கள் வரும்போது தரையைப் பார்த்தார்கள். இருபதாவது பெயரோடு அதிகாரி தானாக நிறுத்தினார்.

"அப்ப கை தூக்குங்க," என்றார்.

ஒருவரும் தூக்கவில்லை. மறுப்பும் சொல்லவில்லை. எழுபது பேரும் அசையாமல் இருந்தார்கள். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று கடைக்கண்ணால் பார்த்தார்கள். அக்காவும் கை தூக்கவில்லை. அவள் எழுந்த இடத்திலேயே நின்று, எல்லாரையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்களுக்கும், மழைக்குள் முதுகு காட்டி நின்ற தாடிமாடுகளுக்கும் என்ன வித்தியாசம்?

மேசைப் பக்கத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. அத்தான் எழும்பினார். யாரையும் பார்க்காமல், வாய்க்கால் கரையில் தண்ணீர் மட்டம் காட்டுவதுபோல, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். பிறகு தலைக்குமேல்.

அதன்பிறகு எழுந்த கைகளை எண்ண முடியவில்லை.

அக்கா உட்கார்ந்தாள். "பாத்தியா புள்ள," என்றாள் என் காதில். "எது முதலாவது எண்டு?"

பின்னேரம் மூவரும் வயல் வரம்பால் வீட்டுக்கு நடந்தோம். அத்தான் முன்னால் போனார். வாய்க்கால் திருப்பத்தில் நின்று, என்னை அழைத்தார்.

"தங்கச்சி, எலியாட நம்பர் இரிக்கா?"

"ஓம்."

"புரட்டாசியில அந்த மனிசனுக்கு வயல் வேலை ஏதும் இரிக்கா எண்டு முதல்ல கேளுங்க. அங்க அப்ப மழையா வெயிலா எண்டும் கேளுங்க. மறுகா மற்றதப் பாப்பம்."

இதே கேள்வியை மாசி மாதம் அந்த மேசையில் ஒருவர் கேட்டிருந்தால், என்று தொடங்கினேன். அக்கா என் காலை நன்றாக மிதித்தாள்.